கேமரா வேலைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகளை அனுப்பலாமா?

(நமது கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில், தொலைக்காட்சித் தொடர்களிலும் விசேஷ வீடுகளிலும் கேமரா வேலை பார்த்துவரும் பொள்ளாச்சிப் பகுதிச் சகோதரி ஒருவர் பேசியது. பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



"வழக்கமா ஊறுகாய், பினாயில், மெழுகுவர்த்தி பத்திப் பேசத்தான் ஆள் கூப்பிடுவோம். இந்தத் தடவை நீ உன்ற வேலையைப் பத்திப் பேசு அம்மிணி" என்று தலைவி அக்கா சொன்னார். காரணமும் சொன்னார். நம் உறுப்பினர் ஒருவருடைய மகள் பிளஸ் 2 எழுதியிருக்கிறாள். கேமரா படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அம்மா குழுவில் கடன் கேட்டிருக்கிறார். பாதிப் பேர் "நர்சிங்குக்குக் கேளு, உடனே தரலாம். இதுக்கெல்லாம் எப்படிக் கொடுக்கறது?" என்று சொல்ல, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அந்த அக்காவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்லவில்லை. அவருக்கும் அந்தக் குழுவுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நல்லதையும் சொல்கிறேன், கஷ்டத்தையும் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்பது கனம். "பொம்பளைப் பிள்ளை அத்தனை பெரிய கேமராவைத் தூக்குமா?" நான் வேலைக்கு வந்தபோது டி.வி. செய்திக்காரர்கள் தோளில் வைத்திருந்த கேமரா பேட்டரியோடு ஏழெட்டுக் கிலோ இருக்கும். நம் ஊரில் ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் ஏறி வந்தவர்கள் நாம். கட்டட வேலையில் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமக்கிறோம். அப்போதெல்லாம் யாரும் கனத்தைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது கல்யாண வீட்டில் நான் பிடிக்கிற கேமரா லென்ஸோடு சேர்ந்து ஒன்றரைக் கிலோ. கைக்குழந்தையை விட லேசு.

அப்புறம் ஏன் பெண்கள் இந்த வேலைக்கு வரவில்லை? நான் பார்த்தவரைக்கும் பெரிய காரணம் ஃபிலிம். முன்னே சினிமாவை ஃபிலிம் சுருளில்தான் எடுப்பார்கள். ஒரு விநாடிக்கு 24 படம் ஓட வேண்டும். 400 அடிச் சுருள் மாட்டினால் சுமார் நாலரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால்தான் சரியா தப்பா என்று தெரியும். தப்பானால் அத்தனை பணமும் போச்சு. அதனால் கேமராவைத் தொட விடுவதற்கே வருஷக்கணக்கில் கூடவே அலைய வைப்பார்கள். ராத்திரி பகல் பார்க்காமல், வெளியூரில் தங்கி, ஒரு பெரியவர் பின்னாலேயே அலைய நம் வீட்டுப் பெண்ணை யார் விட்டார்கள்? 2010-க்கு அப்புறம் டிஜிட்டல் வந்து ஃபிலிம் மெல்ல நின்றுவிட்டது. இப்போது ஒரு கார்டில் எடுத்து, அங்கேயே போட்டுப் பார்த்து, அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கலாம். கற்றுக்கொள்கிற செலவு குறைந்துபோனது. கதவு திறந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

சினிமா நம் ஊருக்கு அந்நியம் கிடையாது. கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வேயில் வரைபட வேலை பார்த்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, டென்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். பிற்பாடு கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பேரில்தான் இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. அப்புறம் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ. 1947-ல் வந்த ராஜகுமாரி, 1954-ல் வந்த மலைக்கள்ளன் எல்லாம் கோவையில் எடுத்த படங்கள். பொள்ளாச்சியிலும் கோபியிலும் ஷூட்டிங் நடக்காத வருஷமே இல்லை. நம் தென்னந்தோப்பையும் வாய்க்காலையும் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. நம் பெண்கள் ஆற்றங்கரையில் துணி துவைக்கிற மாதிரி படத்தில் வந்தார்கள், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கேமராவுக்குப் பின்னால் மட்டும் போகவில்லை.

பின்னால் போய் நின்றவர் பி.ஆர். விஜயலட்சுமி. வீரபாண்டிய கட்டபொம்மன், கர்ணன் படங்களை எடுத்த பி.ஆர். பந்துலுவின் மகள். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் படித்தார். 1985-ல் சின்ன வீடு படத்துக்கு அவரைத் தனி ஒளிப்பதிவாளராகப் போட்டவர் பாக்யராஜ். கோபி பக்கத்து வெள்ளாங்கோயில்காரர், நம்ம ஊர் மனுஷர். ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று விஜயலட்சுமியைச் சொல்வார்கள். இருபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார், 1995-ல் பாட்டுப் பாடவா என்ற படத்தை இயக்கினார், பிறகு தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பிலும் வேலை பார்த்தார். சின்ன வீடு பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதை எடுத்தது ஒரு பெண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். (நாலைந்து கைகள்.) பாருங்க.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அமெரிக்காவில் ஆஸ்கர் என்று பெரிய விருது கொடுக்கிறார்களே, அதில் ஒளிப்பதிவுப் பட்டியலில் ஒரு பெண்ணின் பேர் முதன்முதலில் வந்ததே 2018-ல், 90-வது விழாவில்தான். அதற்கு முன்பே இங்கே நிறையப் பேர் வந்துவிட்டார்கள். 2002-ல் ரேவதி இயக்கிய மித்ர், மை ஃபிரண்ட் படத்துக்கு ஃபௌசியா ஃபாத்திமா. 2008-ல் அபியும் நானும் படத்துக்கு ப்ரீத்தா. 2009-ம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதில், குட்டி ஸ்ராங்க் என்ற மலையாளப் படத்துக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது வாங்கியவர் அஞ்சுலி சுக்லா. பெண் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. 2022-ல் வந்த சாணிக் காயிதம் படத்துக்கு யாமினி. 2017-ல் நாடு முழுக்க இருக்கும் பெண் ஒளிப்பதிவாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே தொடங்கினார்கள். ஆமாங்க, நம்ம மாதிரிதான். தனித்தனியாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேக்கப் போடுவது பொம்பளை வேலை என்றுதானே நினைப்போம்? சினிமாவில் பெண்ணுக்கு மேக்கப் கலைஞர் என்று சங்கத்தில் கார்டு கொடுக்க மாட்டார்கள். தலை சீவிவிடலாம், முகத்தைத் தொடக் கூடாது. 2014 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மாறியது. வேலைக்குச் சம்பளம் வருகிறது என்றால் அது ஆம்பளை வேலை ஆகிவிடுகிறது, என்னத்தைச் சொல்ல.

இதெல்லாம் படித்தவர்கள் கதை, சினிமாக் குடும்பத்துப் பிள்ளைகள் கதை என்று சில அக்காக்கள் நினைக்கலாம். அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

இப்போது தெலங்கானாவில் இருக்கிற ஜஹீராபாத் பக்கத்தில் பஸ்தாபூர் என்று ஒரு கிராமம். அந்தச் சுற்று வட்டாரத்தில் தலித் பெண்கள், கொஞ்சம் நிலம் உள்ளவர்களும் கூலிக்குப் போகிறவர்களும், ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு அவர்களோடு வேலை செய்தது. கம்பு, சோளம், தினை, விதை சேமிப்பு, இதுதான் அவர்கள் பேச்சு. 1990-களின் கடைசியில் அந்தப் பெண்களில் சிலருக்கு வீடியோ கேமரா சொல்லிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். 2001-ல் அவர்களே சமுதாய ஊடக அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். கூலி வேலைக்கும் போவார்கள், கேமராவும் பிடிப்பார்கள்.

சினிமாக்காரர்கள் சொல்லும் இங்கிலீஷ் பேர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. அவர்களே பேர் வைத்தார்கள். மேலே நின்று ஆளைக் கீழே பார்த்து எடுத்தால் அது பட்டேல் ஷாட். பட்டேல் என்றால் நம் பக்கம் பண்ணையார் மாதிரி. அவர்தானே திண்ணை மேலே உட்கார்ந்து எல்லோரையும் குனிந்து பார்ப்பார்? கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து எடுத்தால் அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் நேராக வைத்து எடுத்தால் சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிறோம் அல்லவா, அதனால். பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பக்கம் எழுதுவதை மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். இது தெரிந்த பிறகு, வயசான அமுச்சி ஒருவர் கீழே உட்கார்ந்திருந்தால் நானும் மண்டிபோட்டுத்தான் எடுக்கிறேன். முட்டி வலிக்கும், அது வேறு.

2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது, இந்தப் பெண்கள் வாரங்கல் பக்கம் போய், மூன்று பருவம் விவசாயிகளைத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். விதைக்கு என்ன செலவு, மருந்துக்கு என்ன செலவு, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்டுக் கேட்டு எடுத்தார்கள். அவர்கள் படம் கம்பெனி சொன்ன கணக்கோடு ஒத்துப்போகவில்லை. வெளிநாடுகளிலும் போட்டுக் காட்டினார்கள். பருத்தி போட்டு நஷ்டப்பட்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். நம்மிடம் யாராவது வந்து அப்படிக் கேட்டார்களா? குஜராத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் இதற்கு முன்னாலேயே, 1984-லேயே வீடியோ பழகிவிட்டார்கள். அதில் காய்கறி விற்கிற பெண்களும் உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். அதிகம் சொல்ல மாட்டேன். அப்பா ஊரில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து மிக்சிங் செய்வேன். பூ பறக்கிற மாதிரி, மாப்பிள்ளை பெண்ணு நெஞ்சுக்குள்ளே தெரிகிற மாதிரி எல்லாம் போட்டது நான்தான். அந்தக் காலத்து கேசட் வீட்டில் இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். வெளியே போய் எடுக்க விடமாட்டார்கள். ஒரு வீட்டில் தெரட்டி சீர். ஆம்பளை கேமராமேன் உள்ளே வரக் கூடாது என்று அந்த வீட்டு அமுச்சி சொல்லிவிட்டார். அன்றைக்கு என் கையில் வந்த கேமராதான். அப்புறம் கல்யாணங்கள். சென்னையிலிருந்து வருகிற பெரிய டீம் மேடை அலங்காரத்தையும் டிரோனையும்தான் பார்ப்பார்கள். இணைச்சீர் எப்போது நடக்கும், அருமைக்காரர் எந்தப் பக்கம் நிற்பார், மாப்பிள்ளையின் அக்கா கண் கலங்குவது எந்த நிமிஷம் என்று நமக்குத்தானுங்க தெரியும்.

சென்னையில் சில வருஷம் தொடர்களில் வேலை பார்த்தேன். கேமரா பிடிப்பவர் வேறு, ஒளிப்பதிவாளர் வேறு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்த விளக்கு எங்கே, காட்சி எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர் ஒளிப்பதிவாளர். அவர் சொன்னபடி கேமராவை இயக்குகிறவர் ஆபரேட்டர். லென்ஸ் தெளிவைப் பார்த்துக்கொள்ள ஒருவர், விளக்குத் தூக்க லைட்மேன்கள், உதவியாளர்கள் என்று கீழே வரிசை இருக்கிறது. பிள்ளை போனவுடன் கேமராவைக் கையில் தர மாட்டார்கள். பெட்டி தூக்க வேண்டும், பேட்டரி சார்ஜ் போட வேண்டும், டேப் பிடித்துத் தூரம் அளக்க வேண்டும். தொடரில் ஒரு நாளில் நிறைய எடுத்தாக வேண்டும், அழகு பார்க்க நேரம் இருக்காது. மாமியார் திரும்பிப் பார்ப்பதை மட்டும் மூன்று பக்கமிருந்து நிதானமாக எடுப்போம்.

கஷ்டத்துக்கு வருகிறேன். ஒரு தொடரில் மூன்று மாதச் சம்பளம் எனக்கு வரவே இல்லை. அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கம்பெனி பேரு வேண்டாம். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வேலை பார்ப்பது இந்தத் தொழிலில் சகஜம். கல்யாண வேலையில் முகூர்த்த மாதங்களில் தூங்க நேரம் இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. தையில் வருவதைச் சேமித்தால்தான் ஆடியில் அடுப்பு எரியும். சேமிப்பு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய வெசனம் பாதுகாப்பு. வெளிப்புறப் படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க நின்றிருக்கிறேன். கேரள அரசு 2017-ல் போட்ட நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளியே வந்தது. கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை என்பதிலிருந்து, பெண்களிடம் தப்பாக நடப்பதுவரை எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்து நான் ஆச்சரியப்படவில்லை. ஆனால் மில்லிலும் இது இருக்கிறது, ஆபீசிலும் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கான புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவான இடமென்றால் மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்க. எங்கே ஷூட்டிங், யாரோடு போகிறாள், எந்த வண்டி, எப்போது திரும்புவாள் என்று தினமும் சொல்லச் சொல்லுங்க. "என்ன நடந்தாலும் அம்மாகிட்டச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்துதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

படிப்புக்கு இரண்டு வழி சொல்கிறேன். சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு ஒளிப்பதிவில் நான்கு வருஷப் பட்டப்படிப்பு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரி அளவுக்குச் செலவாகாது, ஆனால் இடங்கள் குறைவு. விண்ணப்பம் வருவதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளஸ் 2-வில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லை என்றால், வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் போட்டோ, வீடியோ பயிற்சி ஒரு மாதம் போல இலவசமாகக் கொடுக்கிறார்கள். தையல் வகுப்பு நடக்கிற அதே இடம்தான். எந்த மாதம் நடக்கிறது என்று நம் கூட்டமைப்பு அலுவலகம் மூலம் கேட்கலாம். வயசு வரம்பு இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் போர்டு மாட்டி, ஆறு மாதத்தில் சினிமா கேமராமேன் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிற இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடு வாங்கினாலாவது பால் கறக்கும்.

கடன் விஷயம். படிப்புக்கான கட்டணம், விடுதிச் செலவு என்றால் குழு தைரியமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கேமரா வாங்க மட்டும் இப்போதே கொடுக்காதீர்கள். கேமரா இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும், பாதி விலைக்குக்கூடப் போகாது. கோவையில் கேமரா, லென்ஸ், விளக்கு எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆர்டர் வந்தால் எடு, முடிந்தால் கொடுத்துவிடு. மாதம் தவறாமல் வேலை வந்து, வாடகை கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை என்கிற நிலைமை வந்த பிறகு சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். அக்கா, உங்கள் போனை ஒரு மாதம் அவள் கையில் கொடுங்கள். ரீல்ஸ் போட வேண்டாம். விடியக்காலையில் பால் சொசைட்டியில் கேன் இறங்குவதிலிருந்து வண்டி போவதுவரை எடுக்கட்டும். பேச்சே இல்லாமல், பார்த்தாலே யார் யாருக்கு என்ன ஊற்றினார்கள், யாருடைய பாலை டிகிரி குறைவு என்று திருப்பினார்கள் என்று புரிய வேண்டும். போன் ஆடக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இருட்டிலிருந்து வெளிச்சம் வருகிற நேரம், அதுதான் ரொம்பச் சிரமம், அதனால்தான் அந்த நேரத்தைச் சொல்கிறேன். பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டாள் என்றால் நர்சிங்குக்கே அனுப்புங்க, அதுவும் நல்ல வேலைதான். முப்பது நாளும் நாலரை மணிக்கு எழுந்து போனாள் என்றால், எடுத்ததை எனக்குக் காட்டச் சொல்லுங்க. நானே உங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்து உட்காருகிறேன்.

சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு. கேள்வி இருக்கிறவங்க பந்தியில் கேளுங்க.